பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டவருக்கு

அன்புள்ள மெர்ல் ஹாகர்ட் ஐயா அவர்களுக்கு,

உங்களைப் பற்றிப் பேச்செடுக்கும் எவரும் முதலில் சொல்வது, பில்போர்டின் கன்ட்ரி இசைப் பட்டியலில் 38 பாடல்களை முதலிடத்துக்குக் கொண்டுபோனவர் என்பதைத்தான். நான் அந்த 38-இல் சேராத ஒரு பாட்டிலிருந்து தொடங்குகிறேன். 1974-இல் வந்த ஓர் இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருந்த பாட்டு அது: 'ஹோல்டிங் திங்ஸ் டுகெதர்'. மனைவி வீட்டைவிட்டுப் போய்விட்டாள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவன் குடித்தனத்தை ஓட்டுகிறான். இன்று மகளுக்குப் பிறந்தநாள். அம்மாவுக்கு அது நினைவிருக்காது என்று அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதனால் சில நாள் முன்னதாகத் தானே ஒரு பரிசு வாங்கி, அம்மா அனுப்பியதாகக் கையெழுத்திட்டுத் தபாலில் போட்டிருக்கிறான். அது இன்று வந்து சேர்ந்துவிட்டது. குழந்தைக்கு ஒன்றும் தெரியாது.

இப்படி ஒரு காட்சி கையில் கிடைத்தால் கேட்பவரை அழவைக்காமல் விட எத்தனை பாடகர்களுக்கு மனம் வரும்? நீங்கள் விட்டீர்கள். குரல் ஏறவில்லை, தழுதழுக்கவில்லை. பிரிந்துபோனவளிடம் அவன் வீட்டு நிலவரத்தைச் சொல்கிறான், அவ்வளவுதான். அவளைத் திட்டக்கூட இல்லை. தோற்றவனையும் தவறியவனையும் காசில்லாதவனையும் வாழ்நாள் முழுக்கப் பாடினீர்கள். ஒருவனுக்காகவும் எங்களிடம் இரக்கம் கேட்டதில்லை. அவன் செய்த தப்பை அவனே ஒத்துக்கொள்வான். பழி வேறு யார் மேலும் விழாமல் பார்த்துக்கொள்வான். அந்த ஒரு குணத்துக்குத்தான் இந்த நன்றிக் கடிதம்.

நீங்கள் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், என் மொழியில் உங்களைப் பற்றி யாராவது நாலு வார்த்தை விரிவாகச் சொல்ல வேண்டும் என்ற ஆசை. கன்ட்ரி இசை என்றால் நம்மவர்களுக்கு ஜான் டென்வரின் ஒரு பாட்டு தெரியும், ஜானி கேஷின் பெயர் தெரியும். அமெரிக்கக் கிராமத்து வெள்ளைக்காரர்கள் தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு பாடுவது என்று ஒரு நினைப்பு இருக்கும். உங்கள் பெயரை அறிந்தவர்கள் குறைவு.

நான் வேலை பார்ப்பது கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில், ஃப்ரெஸ்னோவை ஒட்டிய ஒரு பழ பேக்கிங் ஹவுஸில். பீச், பிளம், திராட்சை என்று கோடை முழுவதும் லாரிகள் வந்து நின்றுகொண்டே இருக்கும். எங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர்களில் மூத்தவர் ஒருவர் வண்டியில் சின்ன ரேடியோ ஒன்றைக் கட்டி வைத்திருப்பார். அவருடைய தாத்தா ஓக்லஹோமாவிலிருந்து பருத்தி பறிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். உங்கள் பாட்டு வந்தால் சத்தத்தைக் கூட்டுவார். விளக்கம் எதுவும் சொல்லமாட்டார். உங்கள் பெயர் எனக்குத் தெரியவந்தது அவர் மூலம்தான். அதன்பிறகு நானாகத் தேடிக் கேட்டேன், படித்தேன், உங்கள் ஊருக்கும் போய்வந்தேன்.

உங்கள் ஊர் எங்களுக்குத் தெற்கே, 99-ஆம் எண் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள். டுலாரி, டெலேனோ எல்லாம் தாண்டினால் பேக்கர்ஸ்ஃபீல்ட். அதற்குச் சற்று முன்னால், கெர்ன் ஆற்றின் வடகரையில் ஆயில்டேல். பெயருக்கேற்ற ஊர். சுற்றுவட்டாரமெங்கும் எண்ணெய்க் கிணறுகளின் பம்புகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன. 1930-களில் ஓக்லஹோமாப் பக்கம் மழை பொய்த்து, மண் காற்றில் பறந்து, விளைந்ததற்கும் விலையில்லாமல் போனபோது, மூட்டை முடிச்சுகளைப் பழைய கார்களில் கட்டிக்கொண்டு லட்சக்கணக்கானோர் மேற்கே கிளம்பினார்கள். உங்கள் அப்பா ஜேம்ஸும் அம்மா ஃப்ளாஸியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். செக்கோட்டா ஊரில் இருந்த அவர்களுடைய களஞ்சியம் 1934-இல் தீப்பிடித்து எரிந்துபோனது; அடுத்த ஆண்டு கலிஃபோர்னியா வந்து சேர்ந்தார்கள். இங்கே அவர்களை யாரும் வரவேற்கவில்லை. 'ஓக்கி' என்று பட்டப்பெயர் வைத்து ஏளனம் செய்தார்கள், கூலிக்கு மட்டும் கூப்பிட்டுக்கொண்டார்கள். உங்கள் அப்பாவுக்கு சான்டா ஃபே ரயில்வேயில் தச்சு வேலை கிடைத்தது. ஆயில்டேலில் ஒரு மனையில் கிடந்த பழைய ரயில் பெட்டியை வாங்கி வீடாக்கினார். 1937 ஏப்ரல் 6 அன்று உங்கள் அம்மா உங்களைப் பெற்றெடுத்தபோது குடும்பத்துக்கு அதுதான் வீடு.

அந்தப் பெட்டியை 2015-இல் பேக்கர்ஸ்ஃபீல்டில் உள்ள கெர்ன் கவுன்ட்டி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். பழமும் காய்கறியும் கெடாமல் குளிர்ச்சியாக ஏற்றிச் செல்வதற்காகக் கட்டிய பெட்டி அது, அதனால் சுவர் நல்ல கனம். பழத்தைக் குளிரில் வைத்து ஊர் ஊராக அனுப்புவதுதான் என் பிழைப்பு என்பதால் அந்தச் சுவர் என் கண்ணில் முதலில் பட்டது. பள்ளத்தாக்கின் வெயிலை உள்ளே விடாமல் தடுக்க அதைவிட நல்ல சுவர் ஓர் ஏழைத் தச்சருக்குக் கிடைத்திருக்காது. அவர் அதோடு அறைகளைச் சேர்த்துக் கட்டினார், சமையலுக்கும் குளியலுக்கும் இடம் பண்ணினார். அருங்காட்சியகத்தில் பார்க்கிறவர்கள் ஐயோ பாவம் என்கிறார்கள். எனக்குப் பாவம் என்று தோன்றவில்லை. கைத்தொழில் தெரிந்த ஒரு மனிதர் தன் குடும்பத்துக்காக யோசித்து யோசித்துக் கட்டிய வீடு அது.

அந்த மனிதர் 1946-இல் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்துபோனார். உங்களுக்கு அப்போது 9 வயது. அம்மா கணக்கெழுதும் வேலைக்குப் போனார். வீட்டில் ஆளில்லை, நீங்கள் தெருவுக்குப் போனீர்கள். சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு ஓடுவது, பிடித்துக் கொண்டுவந்து சீர்திருத்தப் பள்ளியில் போடுவது, அங்கிருந்தும் தப்பிப்பது, சில்லறைத் திருட்டு, அடிதடி. இந்தக் கதை உலகுக்குத் தெரிந்தது, நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1957-இல் குடிபோதையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கதவை உடைக்கப் போனீர்கள். நடுச்சாமம் தாண்டிவிட்டது, கடை பூட்டியிருக்கும் என்று நினைத்தீர்கள். உண்மையில் கடை திறந்திருந்தது, உள்ளே ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்காரரே வந்து கதவைத் திறந்தார். அந்த வழக்கும் பழைய வழக்குகளும் சிறையிலிருந்து தப்ப முயன்றதும் சேர்ந்து உங்களைச் சான் குவென்டின் சிறைக்கு அனுப்பின.

அங்கே உங்களுக்கு 21 வயது நிறைந்தது. சிறைக்குள் சாராயம் காய்ச்சி மாட்டிக்கொண்டு தனிமைச் சிறையில் கிடந்தபோது, மரண தண்டனைக் கைதியும் எழுத்தாளருமான கேரில் செஸ்மனோடு பேச நேர்ந்தது. ராபிட் என்று எல்லோரும் கூப்பிட்ட உங்கள் தோழர் தப்பிக்கத் திட்டம் போட்டார். உங்களிடம் பாட்டு இருக்கிறது, நீங்கள் வரக்கூடாது என்று உங்களைத் தடுத்தார். தப்பிப்போனவர் ஒரு காவலரைக் கொன்றார், பிடிபட்டு வந்தார், தூக்குமேடைக்கு நிகரான அந்த நச்சுவாயு அறையில் முடிந்தார். ஒரு புத்தாண்டு நாளில் ஜானி கேஷ் சான் குவென்டினுக்கு வந்து கைதிகள் முன்னால் பாடியதும் அந்த நாட்களில்தான். அதன்பிறகு நீங்கள் சிறையின் நெசவாலையில் ஒழுங்காக வேலை செய்தீர்கள், பள்ளிப் படிப்புக்கு ஈடான தேர்வை எழுதித் தேறினீர்கள், 1960-இல் வெளியே வந்தீர்கள்.

இதையெல்லாம் வேறொருவர் அனுபவித்திருந்தால் தன் துயரத்தை மேடையேற்றி ஊர் முழுக்க விற்றிருப்பார். நீங்கள் மறைத்தீர்கள். 1967-இல் உங்களுக்கு முதன்முதலாக முதலிடம் வாங்கித் தந்த 'ஐ ஆம் எ லோன்சம் ஃப்யூஜிடிவ்' போலீசுக்குப் பயந்து ஓடிக்கொண்டிருப்பவனின் பாட்டு. அதை எழுதிய லிஸ் ஆண்டர்சனுக்கும் அவர் கணவருக்கும் உங்கள் சிறைவாசம் பற்றித் தெரியாது. தெரியாமலேயே உங்களுக்கு அளந்து தைத்துக் கொடுத்துவிட்டார்கள். தொலைக்காட்சியில் ஊரறியச் சொல்லிவிடுவது நல்லது, பின்னால் வேறு யாராவது கிளறினால் அசிங்கம் என்று ஜானி கேஷ்தான் உங்களைத் தேற்றினார். சொன்னீர்கள். மக்கள் உங்களை முன்னைவிட நெருக்கமாக ஏற்றுக்கொண்டார்கள். 1972-இல் அன்றைய கலிஃபோர்னியா ஆளுநர் ரொனால்ட் ரீகன் உங்களுக்கு முழு மன்னிப்பு வழங்கினார்.

ஆளுநரின் மன்னிப்புக்கு நான்கு ஆண்டு முன்னதாகவே நீங்கள் வேறொரு தீர்ப்பை எழுதிவிட்டீர்கள். 1968-இல் வந்த 'மாமா ட்ரைட்' பாட்டைச் சொல்கிறேன். இரண்டரை நிமிடம்கூட ஓடாது. கிடார் துள்ளிக்கொண்டு ஆரம்பிக்கும், தாளம் ரயில் வேகத்தில் போகும். வார்த்தை புரியாமல் கேட்டால் சந்தோஷப் பாட்டு என்றே தோன்றும். பாட்டின் நாயகனுக்கு ஆயுள் தண்டனை, உங்களுக்கு அது இல்லை. மற்றபடி அப்பா இல்லாத வீடு, ரயில் ஆசை, அடங்காத பிள்ளை, அவனைத் திருத்தப் பாடாய்ப் பட்ட தாய், எல்லாம் நீங்களும் ஃப்ளாஸியும்தான்.

பிள்ளை கெட்டுப்போனால் ஊர் யாரைக் கேட்கும் என்று நம்மில் ஒவ்வொருவருக்கும் தெரியும். வளர்ப்பு சரியில்லை என்பார்கள். கணவனை இழந்து வேலைக்கும் போகிற பெண் என்றால் அந்தப் பேச்சு இரட்டிப்பாகும். அந்தப் பாட்டு முழுவதும் ஒரே வேலையைத்தான் செய்கிறது: அம்மாவை வழக்கிலிருந்து விடுவிக்கிறது. வறுமையைக் காரணம் காட்டவில்லை, அப்பா செத்ததைக் காட்டவில்லை, கூடாத சேர்க்கையையும் காட்டவில்லை. அவள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள், நான்தான் கேட்கவில்லை என்று முடிகிறது. பல்லவியின் கடைசியில் உங்கள் குரல் கீழே இறங்கி உட்காரும் இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு முறுக்கோ கமகமோ சேர்க்காமல் வெறும் குரலாக விட்டிருக்கிறீர்கள். அந்த இடத்தை எத்தனையோ பேர் மேடையில் பாடிக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலோர் அங்கே உருகிவிடுகிறார்கள். உருகினால் பாட்டு பாடகனின் சோகமாகிவிடுகிறது. உங்கள் குரலில் மட்டும் அது அம்மாவின் பாட்டாகவே நிற்கிறது. 2016 மார்ச்சில், நீங்கள் மறைவதற்குச் சில வாரம் முன்பு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காலத்துக்கும் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக அதைச் சேர்த்துக்கொண்டது. சரியான மரியாதை.

ராபிட்டுக்கும் நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்தீர்கள். 'சிங் மீ பேக் ஹோம்' பாட்டில் தண்டனை நிறைவேற்ற அழைத்துப் போகப்படும் கைதி ஒருவன், கிடார் வாசிக்கும் தோழனிடம் கடைசியாக ஒரு பாட்டு கேட்கிறான். அவன் என்ன குற்றம் செய்தான் என்று பாட்டில் இல்லை. குற்றமற்றவன் என்றும் இல்லை. இரண்டையும் விட்டுவிட்டு, சாகப்போகும் ஒருவனுக்குத் தன் வீட்டு நினைப்பு வருவதை மட்டும் வைத்தீர்கள். மரண தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று நான் படித்த நீளமான கட்டுரைகள் பல உண்டு. எதுவும் இந்தப் பாட்டளவுக்கு என்னை யோசிக்க வைத்ததில்லை.

சத்தத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் சொல் மட்டும் உங்கள் பாட்டு அல்ல. அந்தக் காலத்தில் நாஷ்வில்லில் கன்ட்ரி பாட்டுக்கு வயலின் கூட்டமும் கோரஸும் சேர்த்து வழவழப்பாக்கிக்கொண்டிருந்தார்கள். பேக்கர்ஸ்ஃபீல்டில் அது எடுபடவில்லை. எண்ணெய்க் கிணற்றிலும் பருத்திக் காட்டிலும் வேலை முடித்து வருகிறவர்கள் ஆடுவதற்கும் குடிப்பதற்கும் கூடிய இடங்களில்தான் அங்கே பாட்டு ஒலித்தது. அந்த இரைச்சலை மீறிக் கேட்க வேண்டுமென்றால் டெலிகாஸ்டர் கிடாரின் கூர்மையான ஒலி வேண்டும், டிரம்ஸ் வேண்டும். பாடகர் பக் ஓவன்ஸும் நீங்களும் அந்தச் சத்தத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனீர்கள். உங்கள் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ்' குழுவில் ராய் நிக்கல்ஸ் கிடார், நார்ம் ஹாம்லெட் ஸ்டீல் கிடார். ராய் வாசிப்பில் ஒரு சுரம் அதிகமாக இருக்காது. நீங்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் இரண்டு தெறிப்பு, பிறகு அடக்கம். கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கப் பேசுகிறவர் நீங்கள்; ஆனால் குரலை உயர்த்தாமலே பேசுவீர்கள். அந்த வித்தையைப் பாடகர் லெஃப்டி ஃப்ரிசெலிடம் கற்றதாகச் சொல்வீர்கள். உங்கள் பதின்வயதில் அவர் பேக்கர்ஸ்ஃபீல்டுக்குப் பாட வந்தபோது, இந்தப் பையன் முதலில் பாடட்டும், பிறகுதான் நான் மேடையேறுவேன் என்று அவர் அடம்பிடித்தாராம். ஒரு சொல்லின் உயிரெழுத்தை மட்டும் வளைத்து இழுத்து, தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி வந்து சேர்வது அவர் வழி. நீங்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் இழுப்பைக் குறைத்தீர்கள். அவருடையதில் குழைவு அதிகம், உங்களுடையதில் நிதானம் அதிகம். எனக்கு நிதானம் பிடிக்கும்.

'ஹங்ரி ஐஸ்' பாட்டுக்கு நான் தனியாக நன்றி சொல்லவேண்டும். கித்தான் கூரை போட்ட ஒரு குடில், கூலிக்காரர்கள் நெருக்கியடித்து வாழும் முகாம், அதில் ஒரு தாய். அவளுக்கு வேண்டியதெல்லாம் பெரிய விஷயங்கள் அல்ல. வீட்டுக்குத் தேவையான சில பொருள்கள், கொஞ்சம் நல்லது. அப்பா எவ்வளவு உழைத்தும் அது கைகூடவில்லை. அவள் வாய்விட்டுக் கேட்கவும் இல்லை. பிள்ளை அதை அவள் கண்ணில் படித்துக்கொண்டான். ஏழ்மையைப் பற்றிய பாட்டுகளில் பெரும்பாலும் பசி இருக்கும், கண்ணீர் இருக்கும். ஆசை இருக்காது. ஏழைகளுக்கு ஆசைப்பட உரிமை இல்லை என்பது மாதிரி ஒரு நினைப்பு நம் எல்லோரிடமும் இருக்கிறது. நீங்கள் ஒரு ஏழைத் தாயின் ஆசையைப் பாட்டில் வைத்தீர்கள். அது நிறைவேறாததில் அப்பாவுக்குப் பங்கில்லை என்றும், அவர்களை ஒதுக்கி வைத்த வேறொரு வர்க்கம் இருந்தது என்றும் சேர்த்தே சொன்னீர்கள். அந்தப் பழைய கூலி முகாம்களை இடிப்பதைப் பற்றியும் பிறகு ஒரு பாட்டு பாடினீர்கள். இன்று எங்கள் பள்ளத்தாக்கில் திராட்சை பறிப்பவர்கள் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள். ஜூலை வெயிலில் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வரிசை வரிசையாக நிற்கிறார்கள். அவர்களில் ஒரு பெண் இடைவேளையில் கைபேசியில் ஏதோ ஒரு துணி தைக்கும் இயந்திரத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததை ஒருமுறை கண்டேன். உங்கள் பாட்டு இல்லாவிட்டால் அதை நான் கவனித்திருக்க மாட்டேன்.

'ஓக்கி ஃப்ரம் மஸ்கோகி' பற்றிப் பேசாமல் போக முடியாது. 1969-இல், வியட்நாம் போருக்கு எதிராக இளைஞர்கள் தெருவில் நின்றபோது, கஞ்சா பிடிக்காத, கொடிக்கு மரியாதை செய்கிற சிற்றூர்க்காரர்களின் பெருமையைப் பாடினீர்கள். உங்கள் டிரம்ஸ் கலைஞர் ராய் எட்வர்ட் பரிஸும் நீங்களும் பேருந்தில் போகும்போது எழுதியது. ஒரே இரவில் நீங்கள் ஒரு தரப்பின் கொடியாகிவிட்டீர்கள். நிக்சனின் வெள்ளை மாளிகை வரை கூப்பிட்டார்கள். அந்தப் பாட்டின் அரசியலோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் மஸ்கோகி உங்கள் அப்பா அம்மா விட்டுவந்த செக்கோட்டாவுக்குப் பக்கத்து ஊர் என்பதை மறக்கவும் முடியவில்லை. எந்த மக்களைக் கலிஃபோர்னியா ஏளனப் பெயரிட்டு அழைத்ததோ, அந்தப் பெயரையே மார்தட்டிச் சொல்லும் பாட்டு அது. அதே ஆண்டு ஆகஸ்டில், நீங்கள் சாடிய அதே நீளமுடி இளைஞர்களின் உட்ஸ்டாக் திருவிழாவில், கிரேட்ஃபுல் டெட் குழுவினர் உங்கள் 'மாமா ட்ரைட்' பாடினார்கள். அவர்களுக்கும் அம்மாக்கள் இருந்தார்கள்.

மஸ்கோகி பாட்டு வென்ற கையோடு நீங்கள் வெளியிட ஆசைப்பட்டது 'ஐர்மா ஜாக்சன்'. ஒரு வெள்ளைக்கார ஆணுக்கும் கறுப்பினப் பெண்ணுக்கும் இடையிலான காதலைப் பற்றிய பாட்டு. சேர்ந்து வாழ விடாத ஊரைப் பற்றிய பாட்டு. இசைத்தட்டு நிறுவனம் தயங்கியது. 1972-இல் ஒரு தொகுப்புக்குள்தான் அது வெளிவந்தது. முன்னதாகவே தனித்தட்டாக வந்திருந்தால் உங்களை இரண்டு தரப்பாரும் இவ்வளவு எளிதாகப் பங்குபோட்டிருக்க முடியாது. அது வராமல் போனது கன்ட்ரி இசைக்கே நஷ்டம் என்று இன்றும் நினைக்கிறேன். 2003-இல், இராக் போரை எதிர்த்துப் பேசியதற்காக டிக்சி சிக்ஸ் இசைக்குழுப் பெண்களை நாடே வசைபாடியபோது, அவர்களுக்குப் பேச உரிமை உண்டு என்று நின்றவர்களில் நீங்களும் ஒருவர். யாருக்கும் முழுதாகச் சொந்தமாகாமல் இருந்ததற்கு நன்றி.

1973-இல் வந்த 'இஃப் வீ மேக் இட் த்ரூ டிசம்பர்' பிறந்த விதம் எனக்குப் பிடிக்கும். ராய் நிக்கல்ஸின் குடும்ப வாழ்க்கை ஒவ்வொரு ஆண்டு இறுதியிலும் சிக்கலில் மாட்டும். எப்படி இருக்கிறாய் என்று நீங்கள் கேட்டதற்கு, டிசம்பரைத் தாண்டிவிட்டால் சமாளித்துவிடுவேன் என்ற பொருளில் ஏதோ சொன்னார். நண்பரின் அந்தப் பேச்சை எடுத்து, ஆலை வேலை போன ஒரு தகப்பனின் வாயில் வைத்தீர்கள். சின்ன மகளுக்கு இந்த வருஷம் கிறிஸ்துமஸ் ஏன் இல்லை என்று புரியவில்லை. அவனுக்கு அதை விளக்கத் தெரியவில்லை. குளிர் போகட்டும், வெயில் இருக்கும் ஊருக்குப் போய்விடலாம் என்று திட்டம் போடுகிறான். அப்படிப் போக நினைக்கும் ஊர் கலிஃபோர்னியா. உங்கள் அப்பா கையில் ஒன்றுமில்லாமல் வந்து சேர்ந்த அதே மாநிலம். ஒவ்வொரு டிசம்பரிலும் கடைகளில் மணியோசைப் பாட்டுகளுக்கு நடுவே இது ஒலிக்கும். எங்கள் தொழிலில் நவம்பரோடு தற்காலிக ஆட்களுக்கு வேலை முடிந்துவிடும். அதனால் அந்தப் பாட்டை என்னால் பண்டிகைப் பாட்டாக மட்டும் கேட்க முடிவதில்லை.

இந்தக் கடிதத்தை எழுத எனக்குத் துணிவு தந்ததும் நீங்கள்தான். தனக்கு முன்னால் பாடியவர்களுக்கு உங்களைப் போலக் கடன் தீர்த்தவர்கள் சிலரே. புகழின் உச்சியில், 1969-இல், ஜிம்மி ராட்ஜர்சின் பாடல்களை மட்டும் வைத்து ஓர் இரட்டை இசைத்தட்டு. அடுத்த ஆண்டு பாப் வில்ஸுக்கு ஒன்று. அதற்காகவே ஃபிடில் கற்றுக்கொண்டீர்கள், பாப் வில்ஸின் பழைய குழுவினரைத் தேடிப்பிடித்து அழைத்துவந்தீர்கள். அவருடைய மேற்கத்திய ஸ்விங் இசையை அன்றைய வானொலிகள் மறந்தே போயிருந்தன. நீங்கள் அதைத் திரும்பவும் கேட்கவைத்தீர்கள். உங்கள் குரலைக் கேட்க வந்தவர்களை உங்கள் ஆசான்களிடம் அனுப்பிவைத்தீர்கள்.

கூட இருந்தவர்களுக்கும் அப்படித்தான். பானி ஓவன்ஸ் உங்கள் மனைவியாக இருந்தபோதும் பிரிந்த பிறகும் உங்களோடு மேடையில் நின்று துணைக்குரல் பாடினார். வாயில் வந்ததை நீங்கள் சொல்லச் சொல்லப் பேனாவும் தாளுமாக எழுதி வைத்தவர் அவர். 'டுடே ஐ ஸ்டார்ட்டட் லவிங் யூ அகெய்ன்' பாட்டில் அவர் பெயரும் உங்கள் பெயரோடு சேர்ந்தே இருக்கிறது. 1981-இல் லாஸ் ஏஞ்சலீஸில் ஒலிப்பதிவுக்கு இடையே பேருந்துக்குப் போனீர்கள். ஓட்டுநர் டீன் ஹாலோவே உங்கள் பால்ய நண்பர். எப்படியடா இருக்கிறாய் என்று கேட்டதற்கு, இந்த ஊரும் அதன் அழுக்கும் தனக்கு அலுத்துவிட்டன என்று அவர் சலித்துக்கொண்டார். அந்தச் சலிப்பிலிருந்து அங்கேயே 'பிக் சிட்டி' பிறந்தது, கையோடு பதிவும் செய்தீர்கள். பாட்டு முதலிடத்துக்குப் போனது. எழுதியவர்கள் என்ற இடத்தில் ஹாலோவேயின் பெயரையும் போட்டுப் பாதி உரிமையைக் கொடுத்தீர்கள். சலித்துக்கொண்ட ஒரு வாக்கியத்துக்குப் பாதிப் பங்கு தரத் தேவையில்லை, கேட்டிருக்கவும் மாட்டார். ஆனால் ஓர் உழைப்பாளியின் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு விலை உண்டு என்று நீங்கள் நினைத்தீர்கள். நீங்கள் பாடியவற்றை நான் நம்புவதற்கு இந்த ஒரு செயல் போதும்.

2008-இல் புற்றுநோய்க்காக நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்தார்கள். இரண்டு மாதத்தில் பேக்கர்ஸ்ஃபீல்டில் மேடையேறிவிட்டீர்கள். அதன்பிறகும் ஏழு ஆண்டுக்குமேல் ஊர் ஊராகப் பாடினீர்கள், பக்கத்தில் கிடாருடன் மகன் பென். 2016 ஏப்ரல் 6, உங்கள் 79-ஆவது பிறந்தநாளில், நிமோனியாவால் மறைந்தீர்கள்.

தமிழ் வாசகர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு உங்கள் பாட்டைத் தேடினால், 'மாமா ட்ரைட்' முதலில் கேட்கட்டும், பிறகு 'ஹங்ரி ஐஸ்', பிறகு 'கெர்ன் ரிவர்'. ஆங்கிலம் முழுதாகப் பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை. நானும் அந்தப் பாட்டுகளை முதலில் குரலுக்காகத்தான் கேட்டேன்.

நன்றி ஐயா. பானிக்கும் ராய்க்கும் டீனுக்கும், எல்லோருக்கும் முன்னதாக ஃப்ளாஸி அம்மாவுக்கும்.

இப்படிக்கு,
ஃப்ரெஸ்னோவிலிருந்து ஒரு தமிழ் ரசிகன்